மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பேச்சு மொழிச் சிகிச்சை ஆய்வு: முதுமாணி மாணவருக்கு ஒரு வழிகாட்டி

பேச்சு மொழிச் சிகிச்சைத் துறையில் மேற்பார்வையின் கீழ் ஆய்வு செய்யத் தொடங்கும் மாணவர்கள் பெரும்பாலும் தலைப்பை முதலில் தீர்மானிக்கிறார்கள். அதை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வி பிறகுதான் எழுகிறது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் இந்த வரிசை பெரிய தீங்கு செய்வதில்லை. வயதுவாரியான நியமங்களுடன் அச்சிடப்பட்ட சோதனைகள் அங்கே அலுமாரியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. கிழக்கிலங்கைத் தமிழைப் பேசும் நான்கு வயதுப் பிள்ளைக்கோ, பக்கவாதத்தின் பின் சொற்களை இழந்து தவிக்கும் முதியவருக்கோ பொருந்தும் கருவிகள் மிக அரிது. ஆகவே இங்கிருந்து ஆய்வு செய்பவர் வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. எதை நம்பகமாக அளக்க முடியும், அந்த அளவீட்டை இன்னொருவர் எவ்வாறு சரிபார்ப்பார் என்பதை முதலில் ஆராய்ந்து, அந்த எல்லைக்குள் வினாவை அமைத்துக்கொள்ள வேண்டும்.

வினாவும் கருவியும்

“மட்டக்களப்புச் சிறுவரின் பேச்சுக் குறைபாடுகள்” என்பது ஒரு நூலுக்குரிய பெயராக இருக்கலாம். முதுமாணி ஆய்வுக்குரிய வினாவாகாது. “மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள, வீட்டில் தமிழ் மட்டும் பேசும் பிள்ளைகள் எந்த மெய்யொலிகளை, சொல்லின் எந்த இடத்தில், எந்த வயதில் பெரியவர்களைப் போல ஒலிக்கத் தொடங்குகிறார்கள்” என்பது வினா. இதே அளவுக்குச் சுருக்கமான வேறு வினாக்களுக்கும் இங்கு இடமுண்டு. நாள் முழுவதும் உரத்துக் கற்பிக்கும் ஆசிரியர்களின் குரல் சோர்வு, விடிய விடிய ஆடிப் பாடும் வடமோடி, தென்மோடிக் கூத்துக் கலைஞர்களின் குரற் பயன்பாடு, வெற்றிலை பாக்குப் பழக்கத்தோடு தொடர்புடைய வாய்ப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்றவர்களின் விழுங்கற் சிரமம், பேச்சிழந்த துணையைப் பராமரிக்கும் மனைவியரின் அனுபவம் ஆகியவை ஒவ்வொன்றும் தனித்தனி முறையியலைக் கோருபவை. கடைசியாகச் சொன்னதை நேர்காணலால் ஆராயலாம். குரலை ஆராய்வதற்கு ஒலிப்பதிவோடு, பத்துக் கேள்விகளைக் கொண்ட குரற் பாதிப்புச் சுட்டெண் போன்ற வினாக்கொத்தும் வேண்டும். பிள்ளைகளின் ஒலிப்புக்குப் படங்களைக் காட்டிப் பெயர் சொல்லவைக்கும் சோதனை தேவைப்படும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

தமிழ்நாட்டில் உருவாக்கப்பட்ட படச் சோதனையைக் கல்முனையிலோ கொக்கட்டிச்சோலையிலோ அப்படியே பயன்படுத்தினால், பிள்ளையின் குறையைவிடக் கருவியின் குறையே கூடுதலாக வெளிப்படும். நாற்காலியின் படத்தைப் பார்த்துப் பிள்ளை “கதிரை” என்றும், சோப்பின் படத்தைப் பார்த்து “சவர்க்காரம்” என்றும் சொல்லும். சோதிக்கப்பட வேண்டிய ஒலி அந்தச் சொல்லிலேயே இராது. காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் முஸ்லிம் வீடுகளில் உறவுப் பெயர்களும் வேறு. அப்பாவின் படத்துக்கு “வாப்பா” என்ற விடை வரும்போது அதைத் தவறு என்று குறிக்கும் விடைத்தாள் பயனற்றது. சொற்களை மாற்றிவிட்டால் இந்தச் சிக்கல் தீரும். ஒலிகளில் உள்ள வேறுபாடு இதைவிட நுட்பமானது. இலங்கைத் தமிழரின் இயல்பான பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கிறது. “வாழைப்பழம்” என்பதை ளகரத்தோடு சொல்லும் பிள்ளை தன் தாயைப் போலவே பேசுகிறது. அதைப் பிழையாகக் கணக்கிட்டால் ஊரே பிழையாகிவிடும். “காற்று” என்ற சொல்லின் இரட்டை றகரத்தையும் தமிழகத்துப் பேச்சுவழக்கு தகரமாக்கிவிட, நம்மவர் பல்லீற்றில் நாநுனி முட்ட ஒலிக்கிறார்கள். விடைத்தாளைத் தயாரித்தவர் இதை அறியாதவராயின், சரியான ஒலிப்பே அவருக்குப் பிறழ்வாகத் தோன்றும்.

இதற்கு நான் பரிந்துரைப்பது ஓர் எளிய முன்னேற்பாடு. பிள்ளைகளைச் சோதிப்பதற்கு முன், அதே கிராமங்களைச் சேர்ந்த, பேச்சுக் குறைபாடு இல்லாத பெரியவர்கள் பத்துப் பேரையாவது அதே படங்களைக் காட்டிப் பேசவைத்து ஒலிப்பதிவு செய்யுங்கள். அவர்களுள் எழுவான்கரையைச் (வாவிக்குக் கிழக்கே) சேர்ந்தவர்களும் படுவான்கரையைச் (வாவிக்கு மேற்கே) சேர்ந்தவர்களும், இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இருக்கட்டும். அவர்கள் எப்படி ஒலிக்கிறார்களோ அதுவே பிள்ளைக்குரிய இலக்கு. இந்தச் சிறிய வேலையை முன்மொழிவிலேயே முதற் கட்டமாக எழுதிவிட்டால், மெய்யொலிச் சரியளவு விழுக்காடு போன்ற அளவீட்டை (மெய்யொலிகளுள் எத்தனை விழுக்காடு சரியாக ஒலிக்கப்பட்டன என்பது; 1982 இல் ஷ்ரிபெர்க், குவியட்கோவ்ஸ்கி ஆகியோர் முன்வைத்தது) எந்த அடிப்படையில் கணக்கிடுகிறீர்கள் என்ற கேள்விக்குப் பரீட்சகர் முன் உறுதியான விடை இருக்கும்.

ஆங்கிலக் கருவியை மொழிபெயர்த்துப் பயன்படுத்த விரும்புபவர் முதலில் அதன் பதிப்பாளருக்கோ ஆசிரியருக்கோ எழுதி அனுமதி பெற வேண்டும். விலைக்கு விற்கப்படும் சோதனைகளை ஒளிநகல் எடுத்துப் புழங்கும் பழக்கம் ஆய்வேட்டில் செல்லாது. இருவர் தனித்தனியாகத் தமிழாக்கி, அவற்றை ஒன்றாக்கி, மூலத்தைப் பார்த்திராத ஒருவர் மீண்டும் ஆங்கிலமாக்கி, ஒரு குழு ஒப்பிட்டு, கடைசியில் நோயாளிகள் சிலரிடம் “இந்தக் கேள்வியை எப்படி விளங்கிக்கொண்டீர்கள்” என்று கேட்டுப் பார்ப்பது வரை அது தனி வேலை. முதுமாணிக் கட்டத்தில் இதுவே முழு ஆய்வாக அமையலாம். வேறொரு பெரிய ஆய்வின் ஒரு பத்தியாக இதைச் சுருக்கப் பார்ப்பவர் இரண்டையும் கெடுத்துக்கொள்வார்.

மேற்பார்வையாளரோடு வேலை செய்தல்

இலங்கையின் பேச்சு மொழிச் சிகிச்சையாளர்கள் பலரும் ராகமவில் உள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் பயின்றவர்கள். உங்கள் மேற்பார்வையாளர் அங்கோ இந்தியாவிலோ அவுஸ்திரேலியாவிலோ இருக்கக்கூடும். அவருக்குத் தமிழ் தெரியாமலும் இருக்கலாம். அவர் முறையியலில் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், உங்கள் ஒலிப்பதிவைக் கேட்டு “இது றகரமா, தகரமா” என்று அவரால் சொல்ல முடியாது. எனவே தமிழ் ஒலியியலோ மொழியியலோ அறிந்த ஒருவரை இணை மேற்பார்வையாளராகத் தொடக்கத்திலேயே கேட்டுப் பெறுங்கள். மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாதது அவருடைய குறையன்று. ஆனால் அதை ஈடுசெய்யும் ஏற்பாடு இல்லாத ஆய்வில், மாணவரின் காது மட்டுமே சாட்சியாக எஞ்சும்.

முதற் சந்திப்பிலேயே சிலவற்றை எழுத்தில் தீர்த்துக்கொள்வது நல்லது. எத்தனை வாரத்துக்கு ஒருமுறை சந்திப்பது, அனுப்பிய அத்தியாயத்துக்கு எத்தனை நாட்களில் கருத்து வரும், ஒலிப்பதிவுகள் எவருடைய பொறுப்பில் இருக்கும், பின்னர் கட்டுரையாக வெளியிடும்போது பெயர்கள் எந்த ஒழுங்கில் வரும் என்பவை அவை. கடைசி விடயத்தைப் பேச நம் மாணவர்கள் கூச்சப்படுகிறார்கள். “சேரிடம் எப்படிக் கேட்பது” என்று தயங்குகிறார்கள். ஆசிரியத்துவத்துக்கான தகுதிகளை மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழு தெளிவாக வரையறுத்திருக்கிறது. அந்த வரையறையை முன்வைத்துக் கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை. ஒவ்வொரு சந்திப்பின் பின்னும் தீர்மானித்தவற்றை ஐந்தாறு வரிகளில் மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். மேற்பார்வையாளர் ஆறு மாதத்தின் பின் வேறு யோசனை சொன்னால், முன்பு ஏன் அப்படித் தீர்மானிக்கப்பட்டது என்பதை அந்த மின்னஞ்சல்கள் பண்பாகவே நினைவூட்டும்.

அனுமதியும் சம்மதமும்

1964 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஹெல்சிங்கிப் பிரகடனத்தின் வழியில், மனிதரைக் கொண்டு செய்யும் எந்த ஆய்வும் தொடங்கும் முன்பே நெறிமுறை மீளாய்வுக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும்; தரவைச் சேகரித்த பின் ஒப்புதல் கேட்பது செல்லாது. நீங்கள் பதிவு செய்துள்ள பல்கலைக்கழகம் வெளிநாட்டில் இருந்தாலும், உள்ளூர்க் குழுவின் ஒப்புதலும் வேண்டுமா என்பதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அதன் பின் நிர்வாக அனுமதிகள் தனியாக வரும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் உள்ளது. சிறிய வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ் உள்ளன. அம்பாறை மாவட்டம் சுகாதார நிர்வாகத்தில் அம்பாறை, கல்முனை என இரு பிராந்தியங்களாகப் பிரிந்திருப்பதால், ஒரு மாவட்டத்துக்கு இரண்டு பணிப்பாளர்களுக்கு எழுத வேண்டியிருக்கும். பாடசாலைகளுக்கு வலயக் கல்வி அலுவலகம் வழியாகச் செல்ல வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் மட்டக்களப்பு, மட்டக்களப்பு மத்தி, மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா என ஐந்து வலயங்கள் உள்ளன. இத்தனை கடிதங்களுக்கும் பதில் வர மாதங்கள் ஆகலாம் என்று வைத்தே கால அட்டவணையை எழுதுங்கள்.

சம்மதப் படிவத்தை நிரப்பும் வேலை எளிதாகத் தோன்றினாலும், இங்கே சில இடங்களில் நின்று யோசிக்க வேண்டும். கிளினிக்கில் உங்களிடமே சிகிச்சை பெறும் தாயிடம் நீங்களே ஆய்வுக்குச் சம்மதம் கேட்டால், மறுத்தால் பிள்ளையின் சிகிச்சை தடைப்படும் என்று அவர் அஞ்சக்கூடும்; “மிஸ் கேட்டால் இல்லையென்று சொல்ல ஏலுமா” என்பதே அவருடைய நிலை. சிகிச்சையோடு தொடர்பில்லாத ஒருவரைக் கொண்டு சம்மதம் பெறுங்கள். இரண்டாவது, இம்மாவட்டங்களில் தாயோ தந்தையோ மத்திய கிழக்கில் வேலை செய்ய, பிள்ளை அம்மம்மாவின் அரவணைப்பில் வளர்வது பரவலாகக் காணப்படுவது. அப்போது எவருடைய கையொப்பம் செல்லும், தொலைபேசியில் தாய் தரும் சம்மதத்தை எவ்வாறு பதிவு செய்வது என்பதைக் களத்தில் நின்றுகொண்டு தீர்மானிக்க முடியாது. நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்திலேயே எழுதிக் கேட்டுவிட வேண்டும். பெற்றோரின் சம்மதத்தோடு பிள்ளையின் இணக்கமும் தேவை. ஒலிவாங்கியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளை இணங்கவில்லை என்றே கொள்ள வேண்டும். மூன்றாவது, பேச்சிழப்பு நோயாளிகளுக்கு வழமையான இரண்டு பக்கப் படிவம் பயன்படாது. ஒரு பக்கத்துக்கு ஒரு கருத்து, ஒரு படம், ஒரு குறுகிய வாக்கியம் என்று அமைத்து, விளங்கியதா என்பதை ஆம், இல்லை விடைகளால் சரிபார்த்த பின்னரே சம்மதம் பெறப்பட்டதாகக் கொள்ளலாம்.

நெறிமுறைக் குழுவைத் தாண்ட வேண்டிய வேலியாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடையே உண்டு. குழு எழுப்பும் கேள்விகளுள் பாதி, பின்னர் பரீட்சகரும் எழுப்பப் போகும் கேள்விகளே என்பதால் அவற்றுக்குச் சிரத்தையோடு விடை எழுதுவது வீண்போகாது.

ஒருவரின் குரலைக் கேட்டே அவர் யார் என்று அறிந்துவிடலாம் என்பதால், பெயரை நீக்கிவிட்டாலும் ஒலிப்பதிவு அநாமதேயமாகிவிடாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவையும் பிள்ளைகளைப் பற்றிய தரவையும் சிறப்பு வகையாக நோக்குகிறது. பதிவுகளைக் கடவுச்சொல்லிட்ட கருவியில் வையுங்கள். பெயரையும் குறியீட்டு எண்ணையும் இணைக்கும் பட்டியலை வேறிடத்தில் வையுங்கள். எப்போது அழிப்பீர்கள் என்பதைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

பதிவு செய்தல்

ஒலியியல் அளவீட்டுக்கான பதிவு, சுருக்கப்படாத வேவ் வடிவத்தில், 44.1 கிலோ ஹேர்ட்ஸ், 16 பிட் அளவில் இருக்க வேண்டும். வட்ஸ்அப்பில் அனுப்பிய குரற்செய்தியைக் கொண்டு குரலை அளக்கக் கூடாது, அது சுருக்கப்பட்டது. கைத்தொலைபேசிகள் பின்னணி இரைச்சலைத் தாமாகவே வடிகட்டுவதாலும் குரலின் இயல்பு மாறிவிடுகிறது. தலையில் அணியும் ஒலிவாங்கியே சிறந்தது. வாயிலிருந்து அதன் தூரம் எல்லாப் பங்கேற்பாளருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், நேர் முன்னால் இல்லாமல் சற்றுச் சாய்வாக இருந்தால் மூச்சின் இரைச்சல் படியாது. இடத்தைத் தெரியும்போது தகரக் கூரையில் மழை, சுழலும் மின்விசிறி, கோயில் ஒலிபெருக்கி, பாங்கு நேரம் ஆகியவற்றை நினைவிற் கொள்ளுங்கள். ஆய்வுக்கு வாய்க்கும் அறை பெரும்பாலும் அமைதியாக இராது. அதனால் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் சில விநாடி வெற்று அறையின் ஒலியைப் பதிவு செய்து வைத்தால், எந்தப் பதிவு அளவீட்டுக்குத் தகும் என்பதைப் பின்னர் நேர்மையாகத் தீர்மானிக்கலாம்.

காலத்தையும் கருத வேண்டும். கார்த்திகை முதல் தை வரை வடகீழ்ப் பருவமழையும் வெள்ளமும் படுவான்கரைப் பாதைகளைத் துண்டித்துவிடும். பெரும்போக அறுவடைக் காலத்தில் பெற்றோர் வயலை விட்டு வரமாட்டார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் சடங்குகள், கரையோர முஸ்லிம் ஊர்களில் நோன்பு மாதம், பாடசாலைகளில் தவணைப் பரீட்சை என்று கழித்துப் பார்த்தால் எஞ்சும் வாரங்கள் சொற்பமாகவே இருக்கும். கொழும்பில் வரையப்பட்ட அட்டவணை இவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை.

எழுத்தாக்கமும் நம்பகமும்

ஆய்வின் பெரும்பகுதி உழைப்பு இங்கேதான் செலவாகும். பேச்சைத் தமிழெழுத்தில் எழுதி வைப்பது போதாது. தமிழ் நெடுங்கணக்கு ஒலிப்புடை ஒலிகளுக்கும் (குரல்நாண் அதிர எழுபவை) ஒலிப்பிலா ஒலிகளுக்கும் (அதிராமல் எழுபவை) உள்ள வேறுபாட்டைக் காட்டுவதில்லை. “பம்பரம்” என்ற சொல்லின் இரண்டு பகரங்களும் வெவ்வேறாக ஒலிக்கப்பட்டாலும் ஒரே எழுத்தால் எழுதப்படுகின்றன. பிள்ளை இரண்டையும் ஒன்றாக ஒலித்தால், தமிழெழுத்தில் அந்தப் பிறழ்வு மறைந்துபோகும். ஆகவே சர்வதேச ஒலியெழுத்தைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஐயத்துக்குரிய ஒலிகளை, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவாகி இலவசமாகக் கிடைக்கும் பிராட் மென்பொருளில் அலைவடிவத்தோடு வைத்துப் பார்க்கலாம். அது பற்றிய பயிற்சியைத் தரவு வருமுன்பே முடித்துவிடுங்கள்.

வாக்கிய நீளத்தை ஆராய்பவருக்கு வேறொரு தொல்லை உண்டு. சொல்லோடு விகுதிகள் அடுக்கடுக்காக ஒட்டும் மொழி நம்முடையது. ஆங்கிலத்துக்காக வகுத்த உருபன் (பொருள் தரும் மிகச் சிறிய சொற்கூறு) கணக்கீட்டு விதிகளை இங்கே பொருத்தினால், “போயிட்டான்” என்பதை எத்தனையாகப் பிரிப்பது என்பதிலேயே இருவர் முரண்படுவர். விதிகளை நீங்களே எழுதி, ஒவ்வொரு விதிக்கும் உதாரணம் கொடுத்து, ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேருங்கள். பிறகு வரும் மாணவருக்கு உங்கள் முடிவுகளைவிட அந்தப் பின்னிணைப்பே கூடுதலாகப் பயன்படக்கூடும்.

இவ்வளவும் செய்த பின், பதிவுகளில் ஐந்திலொரு பங்கை எழுமாற்றாகத் தெரிந்து, உங்கள் எழுத்தாக்கத்தைப் பார்த்திராத இன்னொருவரிடம் கொடுங்கள். அவரும் இப்பகுதித் தமிழை அறிந்தவராக இருக்க வேண்டும். இருவருக்கும் இடையிலான உடன்பாட்டை விழுக்காடாக மட்டும் காட்டுவது ஏமாற்றும். நூறு ஒலிகளில் இருவரும் தலா தொண்ணூறைச் சரியென்றும் பத்தைப் பிழையென்றும் குறித்து, தொண்ணூறு ஒலிகளில் ஒத்துப்போனார்கள் என்று வைத்துக்கொள்வோம். 90 விழுக்காடு என்றால் மிக நன்றாகத் தெரிகிறது. ஆனால் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு அதே விகிதத்தில் குறித்திருந்தாலும் 82 ஒலிகளில் தற்செயலாகவே ஒத்துப்போயிருப்பார்கள். தற்செயலைக் கழித்துக் கணக்கிடும், 1960 இல் கோஹன் முன்வைத்த கப்பா அளவு இங்கே 0.44 மட்டுமே. பிழையான ஒலிகளைப் பற்றித்தான் ஆய்வே. அவற்றில் இருவரும் பாதிக்குப் பாதிதான் ஒன்றுபட்டிருக்கிறார்கள் என்பதை 90 என்ற எண் மறைத்துவிடுகிறது. இரண்டையும் தாருங்கள். கப்பா குறைவாக வந்தால், எந்த ஒலியில் முரண்பட்டீர்கள் என்று இருவரும் உட்கார்ந்து கேட்டு, விதியைத் திருத்தி, வேறு பதிவுகளில் மீண்டும் சோதியுங்கள். உடன்பாடு வரும்வரை பழைய பதிவுகளையே திருத்திக்கொண்டிருப்பது முறையன்று.

எத்தனை பேர் வேண்டும்

ஒரு குறைபாடு எத்தனை விழுக்காட்டினரிடம் உள்ளது என்பதை 95 விழுக்காட்டு நம்பிக்கையோடும் 5 விழுக்காட்டு வழுவெல்லையோடும் மதிப்பிட, மிகப் பாதகமான நிலையில் 385 பேர் வேண்டும். எல்லையை 10 விழுக்காடாகத் தளர்த்தினால் 97 பேர் போதும். தனியொரு மாணவர் 385 பிள்ளைகளைப் பதிவு செய்து எழுத்தாக்குவது நடைமுறையில் இயலாத காரியம் என்பதால், பரம்பலைத் தேடும் தலைப்புகளை நான் ஊக்குவிப்பதில்லை. சிகிச்சையின் பயனை ஆராய்பவருக்கு ஒற்றை நபர்ச் சோதனை வடிவமைப்பு பொருத்தமானது. மூன்று நான்கு பேரை மட்டும் கொண்டு, சிகிச்சைக்கு முன்னும் சிகிச்சையின்போதும் ஒவ்வொரு கட்டத்திலும் குறைந்தது ஐந்து தடவையாவது அளந்து, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு வாரத்தில் சிகிச்சையைத் தொடங்கினால், மாற்றம் சிகிச்சையால் வந்ததா, வளர்ச்சியால் வந்ததா என்பதைப் பிரித்தறியலாம். நோயாளிகள் குறைவாகவும் வேறுபட்டும் இருக்கும் கிளினிக்குகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. புள்ளிவிவரவியலாளரைச் சந்திப்பதாயின் தரவைச் சேகரிக்கும் முன் சந்தியுங்கள்.

எழுதுதலும் வாய்மொழிப் பரீட்சையும்

முறையியல் அத்தியாயத்தைக் களவேலை நடக்கும்போதே எழுதிவிடலாம். எதை ஏன் மாற்றினீர்கள் என்பது அப்போதுதான் நினைவில் இருக்கும். எடுகோள் பொய்த்துப்போனால் அப்படியே எழுதுங்கள். எதிர்பார்த்த வேறுபாடு கிடைக்கவில்லை என்பதும் முடிவுதான். வாய்மொழிப் பரீட்சையில் தமிழறியாத பரீட்சகர் இருந்தால், சர்ச்சைக்குரிய இரண்டு மூன்று ஒலிகளை அவர் கேட்கும்படி இசைவு பெற்ற பதிவுகளிலிருந்து தயாராக வைத்திருங்கள். அவர் மிகுதியாகக் கேட்கப்போவது, உங்கள் காதை எவர் சரிபார்த்தார் என்பதையே.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த பின் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றை எழுதி, அனுமதி தந்த வைத்தியசாலைக்கும் வலயத்துக்கும், பங்கேற்ற குடும்பங்களுக்கும் கொடுக்க வேண்டும். வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர் இல்லையெனில், குடும்ப நல உத்தியோகத்தரின் உதவியோடு கிளினிக் நாளொன்றில் சொல்லிக் காட்டலாம். அதில் தனிப் பிள்ளையின் பெறுபேறு எதுவும் இருக்கக் கூடாது. சிகிச்சை தேவைப்படும் பிள்ளையை நீங்கள் கண்டறிந்திருந்தால், அந்தக் குடும்பத்தைத் தனியாகச் சந்தித்து, பேச்சுச் சிகிச்சை கிடைக்கும் மிக அண்மைய வைத்தியசாலைக்கு எழுதிய பரிந்துரைக் கடிதத்தை ஆய்வு முடியும்வரை காத்திருக்காமல் அன்றே கையில் கொடுத்துவிடுங்கள்.